வியாழக்கிழமை நாற்காலிகள்

அவளுடைய நியமன உத்தரவில் எழுதியிருக்கும் பதவி, நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர். அந்த நீளப் பெயரைச் சொல்லி அவளை இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. தற்காலக் கலை அருங்காட்சியகத்தின் வாசலில் நிற்கும் காவலரிலிருந்து மேல்மாடியில் படச் சட்டம் மாட்டுகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் நாற்காலியக்காதான். காரணம் இல்லாமலில்லை. எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் அவள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டிருப்பாள். இல்லாவிட்டால் தள்ளிக்கொண்டிருப்பாள். அதுவும் இல்லாவிட்டால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஏதாவதொரு நாற்காலியை முறைத்துக்கொண்டு நிற்பாள்.

அந்த இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மியூசியம் என்றால் வாளும் கேடயமும் எலும்புக்கூடும் இருக்கும் என்று நம்பிக் குடும்பத்தோடு வருகிறவர்கள் முதல் அறையிலேயே குழம்பிப்போவார்கள். பெரிய வெள்ளை அறை. அதில் நானூறு பழைய சாவிகள் நூலில் தொங்கும். அடுத்த அறையில் குளிர்சாதனப் பெட்டி உறுமுகிற சத்தம் மட்டும் கேட்கும், பெட்டியைக் காணோம். "இன்னும் ரெடியாகலையா? சரி, அப்புறமா வர்றோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போன புண்ணியவான்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் வாராவாரம் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு கலைஞர் வந்து தன் வேலையைப் பற்றிப் பேசுவார். வியாழன் சந்திப்பு என்று பெயர். பேசுகிறவரைப் பிடிப்பது சுலபம். கேட்கிறவர்களைப் பிடிக்கத்தான் நாற்காலியக்காவைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

இங்கே வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் அவள் ஒரு விழா மண்டபத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே கூட்டம் ஒரு கவலையே இல்லை. ஐநூறு பேர் என்று பேசிவிட்டு எழுநூறு பேர் வந்து நிற்பார்கள். எள் போட்டால் எள் விழாது. வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது, உட்கார்ந்தவர்களை எப்படி எழுப்புவது என்பதுதான் அங்கே தலைவலி. ஒருநாள் மண்டபத்தை இடித்துக் கடைகள் கட்டினார்கள். அவள் மியூசியத்துக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்காணலில், கூட்டத்தைச் சமாளித்த அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். "எழுநூறு பேர் வரைக்கும் சமாளிச்சிருக்கேன் சார்" என்றாள். எதிரே இருந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பது முதல் வியாழக்கிழமைதான் அவளுக்கு விளங்கியது.

அன்றைக்கு அறுபது நாற்காலிகளைப் பழைய மண்டபப் பழக்கத்தில் நூல் பிடித்த மாதிரி வரிசையாகப் போட்டு வைத்தாள். பேச வந்தவர் தகரத்தில் உருவங்கள் செய்கிறவர், இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். ஐந்து மணிக்கு அரங்கத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: அவள், ஒலிபெருக்கிக்காரர், வாசல் காவலர், வெளியே வெயில் தாங்காமல் உள்ளே ஏசிக்காக வந்து உட்கார்ந்த ஒரு பெரிய மனிதர். தகரக்காரர் ஐம்பத்தாறு காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் பேசினார். முடித்துவிட்டு, "பரவால்லம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நாற்காலிகளை அடுக்கி வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மாமியார் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். வீட்டுக்கு முன்னறையே அவருக்குத் தையல் கடை. "நாலு பேருக்கு முன்னாடியா ஒரு மனுஷன பேச விட்ட?" என்று ஒரே கேள்விதான். அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை. மாமியார் மறந்துவிட்டார் என்றுதான் அவளும் நினைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அரங்கத்தின் கதவு திறந்தது. மாமியார் வெளியூர் போகிற சேலையில் வந்தார். பின்னால் மாமனார், குடிநீர் அலுவலகத்தில் குழாய் பொருத்துகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இஸ்திரி போட்ட சட்டை. அவர் பின்னால் பேருந்து ஓட்டுகிற கொழுந்தன், அவன் மனைவி, மாடி வீட்டு டீச்சர், டீச்சரின் தங்கை. யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. முன்பின் தெரியாதவர்கள் மாதிரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் இருந்த பெண்மணியின் முகம் மலர்ந்ததை நாற்காலியக்கா பார்த்தாள்.

அது ஏழு வருஷம் நடந்தது. முந்நூறு வியாழக்கிழமைக்கு மேல். மாமியார், மாமனார், கொழுந்தன் மூவரும் நிரந்தரம், மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு வருவார்கள். இதற்கிடையில் நாற்காலியக்கா தன் தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டாள். இருபது பேர்தான் வருவார்கள் என்றால் இருபத்திரண்டு நாற்காலிதான் போட வேண்டும். நேர்வரிசை கூடாது, கொஞ்சம் வளைத்துப் போட்டால் அறை நிறைந்த மாதிரி தெரியும். கதவுப் பக்கம் ஒரு நாற்காலியைக் காலியாக விட வேண்டும், தாமதமாக வருகிறவர் உட்கார இடமிருப்பதைப் பார்த்தால்தான் உள்ளே கால் வைப்பார். முன்வரிசையில் தலையாட்டுகிற ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். அதில் மாமனாரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் மாமனார் தலையாட்டுவதோடு நிற்கிறவரா? கேள்வி நேரம் வந்ததும் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்குவார். எல்லாக் கலைஞரிடமும் ஒரே கேள்விதான். "இத செய்ய எத்தன நாளாச்சு?" குளிர்சாதனப் பெட்டிக்காரர் சிரித்துக்கொண்டே "நாப்பது நிமிஷம்" என்றார். மாமனார் இரண்டு நாள் வீட்டில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சாவிக்காரம்மா "பதினோரு வருஷம்" என்று சொன்னபோது எழுந்து நின்று கைகூப்பினார். மாமியார் அரங்கத்தில் வாய் திறக்க மாட்டார், எல்லாம் முடிந்த பிறகுதான். ஒருமுறை மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை ஒன்றாகத் தைத்துக் கூடாரம் போட்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். "ஏம்மா, மூலைய இழுத்துப் புடிச்சு தச்சிருக்க. பாரம் தாங்காது, ஆறு மாசத்துல பிரிஞ்சிடும்" என்றார். அந்தப் பெண் ஊசியையும் நூலையும் எடுத்து வந்து மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கூடாரத்தின் நான்கு மூலைகளில் ஒன்று எங்கள் மாமியார் கைவேலை என்று கொழுந்தன் மனைவி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

குட்டு வெளிப்பட்டது வருகைப் பதிவேட்டில். அரங்க வாசலில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், முகவரி, கடைசியில் ஒரு கட்டம்: 'இந்த நிகழ்ச்சியைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' வேறு குடும்பமாக இருந்தால் நாளிதழ் என்றோ சுவரொட்டி என்றோ எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் ஏழு வருஷமும் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார்கள். எழுதுகிற இடத்தில் பொய் எழுதக்கூடாது என்பது மாமனாரின் கட்டளை, அரசாங்க வேலையில் இருந்தவர் அல்லவா. புதிதாக வந்த நிர்வாகி அந்த நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்க உட்கார்ந்து படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். இந்த உலகத்தில் அந்தக் கட்டத்தைப் படித்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

"உக்காருங்க மேடம். இங்க வாராவாரம் 'மருமகள் சொன்னாள்'னு ஒருத்தங்க எழுதியிருக்காங்க. இந்த மருமகள் யாரு?"

"நான்தான் சார்."

"'அண்ணி கூப்பிட்டார்'னு இருக்கு. அந்த அண்ணி?"

"அதுவும் நான்தான் சார்."

"'கீழ் வீட்டில் சொன்னார்கள்.' அது?"

"எங்க வீடு சார்" என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

நிர்வாகி கெட்டவர் இல்லை. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தார். பிறகு நோட்டை மூடிவிட்டு விஷயத்துக்கு வந்தார். "நீங்க தப்பு பண்ணீங்கன்னு சொல்ல வரல. ஆனா மேல இருக்கறவங்க எத்தன பேர் வர்றாங்கன்னு என்னத்தான் கேக்கறாங்க. வியாழக்கிழமை சாயந்தரம் இந்த ஹால கம்பெனி மீட்டிங்குக்கு வாடகைக்கு விடலாம்னு ஒரு பேச்சு ஓடிட்டிருக்கு. உங்க வீட்டு ஆளுங்கள கழிச்சா பதினாலு பேர்தான் வர்றாங்க. அத வச்சிக்கிட்டு நான் என்ன பேசறது?"

அவரே தொடர்ந்தார். "ஒண்ணு செய்யலாம். அடுத்த வியாழக்கிழமை முப்பது பேர் வரட்டும். நானே வாசல்ல நின்னு எண்றேன். உங்க வீட்டு ஆளுங்க ஒருத்தர்கூட இருக்கக்கூடாது. முப்பது வந்தா ஒரு வருஷத்துக்கு இத நான் பாத்துக்கறேன். வரலன்னா நிறுத்திடுவாங்க." சந்திப்பை நிறுத்தினால் அவளையும் நிறுத்துவார்கள். அதை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே இருவருக்கும் தெரியும்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டில் பூசி மெழுகாமல் சொன்னாள். "அடுத்த வியாழக்கிழமை நீங்க யாரும் வரக்கூடாது. வாசப்படிகூட ஏறக்கூடாது. உங்கள்ல ஒருத்தர் முகம் தெரிஞ்சாலும் என் வேல போயிடும்."

"சரிம்மா" என்றார் மாமியார், பரிமாறிக்கொண்டே. மாமனார் "ம்" என்றார். கொழுந்தன்தான், "அப்பாடா! ஒரு வியாழக்கிழமையாவது கால நீட்டித் தூங்கலாம்" என்று கையை உதறினான். அவன் மனைவி அவனை இடித்ததை அவள் கவனிக்கவில்லை.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விரும்பித்தான் வருகிறார்கள் என்று ஏழு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும்போது புருஷனிடம் கொட்டினாள். அவன் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன், கடை மூடப் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் வியாழன் சந்திப்புக்கு அவனால் மட்டும் வர முடிந்ததில்லை. "எல்லாருக்கும் நான் பாரமா இருந்திருக்கேன். எனக்குத்தான் தெரியல" என்றாள்.

அவன் துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "உனக்கு நெஜமாவே ஒண்ணும் தெரியாதா? தம்பிக்கு வியாழக்கிழமை சாயந்தர டூட்டி. ஏழு வருஷமா வேற ஒருத்தர்கிட்ட மாத்திக்கிட்டு, அதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை விடிகாலைல மொத வண்டி எடுக்கறான். அம்மா புதன்கிழமையெல்லாம் எதுக்கு அவ்வளவு நேரம் தைக்கறாங்கன்னு நெனச்ச? மறுநாள் நாலு மணிக்குக் கடைய பூட்டணும்ல. அப்பாவோட சீட்டாட்டக் கூட்டம் வியாழக்கிழமைதான். அவர் வர்றதில்லன்னு அவர தள்ளியே வச்சிட்டாங்க. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அம்மா உத்தரவு."

நாற்காலியக்கா குழாயை மூட மறந்து நின்றாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நிகழ்ச்சி முடிவில் நன்றியுரை சொல்வது அவள்தான். பேச்சாளருக்கு நன்றி, ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி, தேநீர் கொடுத்தவருக்கு நன்றி, அன்றைக்கு மின்சாரம் நின்று வந்தால் மின்வாரியத்துக்கும் ஒரு நன்றி. முந்நூறு தடவை சொல்லியிருக்கிறாள். முன்வரிசையில் உட்கார்ந்து அதற்கும் கைதட்டிய மூன்று பேருக்கு ஒரு தடவை சொன்னதில்லை. வீட்டு மனிதர்களுக்கு யார் நன்றி சொல்வார்கள் என்று இருந்துவிட்டாள். அன்றைக்கு அது அவளைச் சுட்டது.

அந்த ஒரு வாரம் அவள் ஏறாத படி இல்லை. கல்லூரிக்குப் போனாள், அங்கே தேர்வு நடந்துகொண்டிருந்தது. நூலகத்தில் சுவரொட்டி ஒட்டினாள், அதன்மேல் வேறு யாரோ வாடகைக்கு வீடு என்று ஒட்டிவிட்டார்கள். தொலைபேசியில் கூப்பிட்டவர்கள் எல்லாம் "கண்டிப்பா வர்றோம்" என்றார்கள். கண்டிப்பாக வருகிறேன் என்பவர் வரமாட்டார் என்பது ஏழு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம். பேச வரவிருந்தவள் ஒரு ஓவியப் பெண். மூன்று வருஷம் நகரப் பேருந்துகளில் போய்ப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர்களின் கைகளை மட்டும் வரைந்தவள். இருநூற்றுப் பதினேழு கைகள் அரங்கச் சுவர் முழுக்க மாட்டியிருந்தன. அந்தப் பெண்ணும் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருக்குமோ என்று நினைக்கும்போதெல்லாம் நாற்காலியக்கா இன்னொருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

வியாழக்கிழமை வந்தது. சரியாக முப்பது நாற்காலி போட்டாள். வளைக்கவில்லை, எந்தத் தந்திரமும் செய்யவில்லை. மீதியை மேல்மாடியில் ஏதோ கூட்டத்துக்கு என்று காலையிலேயே தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். நாலரைக்கு இரண்டு பேர். நாலே முக்காலுக்கு ஆறு. நிர்வாகி வாசலில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு நின்று வருகிறவர்களை எல்லாம், யார் சொல்லி வந்தீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒன்பது பேர். ஓவியப் பெண் தண்ணீர் குடித்தாள், மறுபடியும் குடித்தாள். நாற்காலியக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போது படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சீருடையோடு பதினோரு பேர், எல்லாரும் பேருந்துப் பணிமனை ஆட்கள். முன்னால் வந்த நடத்துநர் பணப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. "சார், கைய வரஞ்சி வச்சிருக்காங்களாமே, எங்க?" என்று நிர்வாகியிடமே கேட்டார்.

"நீங்க யார் சொல்லி வந்தீங்க?"

"எங்க டெப்போல ஒரு டிரைவர் இருக்காரு சார். வெள்ளிக்கிழமையானா எங்க உயிர எடுப்பாரு. நேத்து அங்க ஒருத்தரு சாவிய தொங்கவிட்டாரு, ஒருத்தரு சத்தத்த மட்டும் வச்சாருன்னு ஏழு வருஷமா ஒரே கத. இந்தத் தடவ நம்ம வண்டில வந்தவங்க கைங்கன்னாரு. எங்க கையும் இருக்கும்ல? அதான் பாத்துடலாம்னு."

நாற்காலியக்காவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. கால் நீட்டித் தூங்கப் போகிறேன் என்று சொன்னவன் வெள்ளிக்கிழமைதோறும் இதைப் பேசிக்கொண்டிருந்தானா? யோசிப்பதற்குள் நான்கு முதியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். நிர்வாகி கேட்பதற்கு முன்பே அவர்களில் உயரமானவர் ஆரம்பித்துவிட்டார். "ஒருத்தன் ஏழு வருஷமா எங்க சீட்டாட்டத்த விட்டுட்டு இங்க வந்து உக்காந்திருக்கான். அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். உக்கார எடம் இருக்கா, இல்லையா?"

அவர்கள் உட்கார்ந்ததும் பெண்கள் வந்தார்கள், எட்டுப் பேர், கொஞ்சம் கோபத்தோடு. "தச்ச துணிய எங்க குடுக்கறீங்க?" என்றார் முதலில் வந்தவர்.

"துணியா? இங்க எதும்மா துணி?" நிர்வாகிக்குப் பேனா நின்றுவிட்டது.

"கடைய பூட்டிட்டு அந்தம்மா கதவுல எழுதி ஒட்டியிருக்காங்க. 'இன்று துணி வாங்க வருகிறவர்கள் மியூசியத்துக்கு வரவும். ஐந்து மணிப் பேச்சு முடிந்ததும் தரப்படும்'னு. நாளைக்கு எனக்கு ஊருக்குப் போகணும். வேற வழி?"

நிர்வாகி மெல்லத் திரும்பி நாற்காலியக்காவைப் பார்த்தார். சத்தியமாக எனக்குத் தெரியாது சார் என்று சொல்லப் போனவள் அதை விழுங்கிக்கொண்டாள். "இவங்க யாரும் என் சொந்தம் இல்ல சார்" என்று மட்டும் சொன்னாள்.

"அது தெரியுது. இவங்கள கணக்குல சேக்கறதா வேண்டாமான்னுதான் பாக்கறேன்."

"உக்காந்து கேட்டா சேத்துக்கோங்க சார். எழுந்து போனா வேண்டாம்."

யாரும் எழுந்து போகவில்லை. ஓவியப் பெண் பேச ஆரம்பித்து மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது, நடத்துநர் எழுந்து சுவரருகே போய், "இது நம்ம கை!" என்று கத்தினார். விரல் நுனி நசுங்கிய கை ஒன்று. "அட, உன் கை அவ்வளவு அழகா இருக்குமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, அரங்கமே சிரித்தது. கோபமாக வந்த பெண் இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்து போய் ஒரு படத்துக்கு முன்னால் நின்றார். இரண்டு பை மாட்டிய கை அது. "இப்படித்தாங்க நானும் தெனமும்" என்றார், யாரிடம் என்றில்லாமல். சீட்டாட்டக்காரர்களில் ஒருவர் மட்டும் உட்கார்ந்ததுமே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓவியப் பெண் தயாரித்து வந்த தாளை மடித்து வைத்துவிட்டு மேடையைவிட்டு இறங்கிச் சுவரோடு நடந்துகொண்டே பேசினாள். சாலையில் போன இரண்டு பேர் சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். நிர்வாகி தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அவள் பக்கம் நீட்டிக் காட்டினார். முப்பத்து நான்கு. கடைசியில் வந்த நான்கு பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "ஒரு வருஷம் மேடம்" என்றார்.

அவள் வெளியே ஓடினாள். அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். துணி மூட்டையோடு மாமியார் வெகுதூரம் போயிருக்க முடியாது. சாலைக்கு எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் மடியில் மூட்டை. மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். கொழுந்தன் மியூசியத்து வாசலையே கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாங்க உள்ள வரலம்மா" என்றார் மாமனார் முந்திக்கொண்டு. "வாசப்படி ஏறக்கூடாதுன்ன. நாங்க ரோட்டத் தாண்டல."

"எத்தன பேரு அண்ணி?" கொழுந்தனுக்கு அடக்க முடியவில்லை.

"முப்பத்து நாலு."

மாமியார் கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான். "அப்போ வேல இருக்கில்ல?" என்றார்.

"இருக்கு அத்த. எண்ணி முடிச்சாச்சு. இனிமே யார் வந்தாலும் தப்பில்ல, வாங்க" என்று அவள் மூட்டையை வாங்கிக்கொண்டாள். சாலையைக் கடக்கும்போது மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். திருமணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவர் கையை அவள் பிடித்ததில்லை. அவர் பிடிக்க விட்டார்.

அரங்கத்துக்குள் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இவர்களை உட்கார வைக்க ஒரு நாற்காலிகூட இல்லை. முந்நூறு வியாழக்கிழமை காலி நாற்காலி தெரியாமல் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கு இடமில்லை. வாசல் காவலரின் முக்காலியையாவது எடுத்து வரலாம் என்று திரும்பினாள். அதற்குள் ஒரு நடத்துநர் இளைஞர் மாமனாரைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தார்.

"நீங்க உக்காருங்கய்யா."

மாமனார் அவர் தோளைத் தொட்டு மறுபடியும் உட்கார வைத்தார். "விருந்தாளிங்க உக்காரணும் தம்பி. நாங்க வீட்டு ஆளுங்க, நின்னுக்கறோம்."

மூவரும் பின்சுவரோடு நின்றார்கள். மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிறைந்திருந்த வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எல்லாரும் சௌகரியமாக இருக்கிறார்களா என்று பார்க்கிறவர் மாதிரி. நாற்காலியக்காவுக்குக் கண் மறைத்தது. இனியும் தள்ளிப்போடக்கூடாது என்று மாமியாரின் காதருகே குனிந்தாள். "அத்த, ஏழு வருஷமா நான் உங்களுக்கெல்லாம் ஒரு வார்த்த சொன்னதில்ல. நீங்க மட்டும் இல்லன்னா..."

மாமியார் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் மணிக்கட்டை அழுத்தினார்.

"உஷ். அப்புறம் சொல்லு. அந்தப் பொண்ணு பேசுறா, கேக்க விடு."